சின்னாச்சி மூட்டையில் ஏறவில்லை

சின்னாச்சி மூன்று நாளாக நெல்மூட்டையில் ஏறவில்லை. அதை முதலில் கவனித்தது நான்தான் என்று எழுத ஆசை. உண்மையில் கவனித்தது எலி. மேல் மூட்டையின் காதைக் கடித்து, உமியை அறை முழுக்கச் சிந்தி வைத்திருந்தது.

மாசி மாதம் அது. காலபோக அறுவடை முடிந்து, சாப்பாட்டுக்கும் விதைக்கும் என்று எடுத்து வைத்த 11 மூட்டையை நடு அறையில் அடுக்கியிருந்தோம். அடுக்கிய நாளிலிருந்து அதன் உச்சி சின்னாச்சிக்குச் சொந்தம். கீழே இருந்து ஒரு பாய்ச்சல், நடுவில் ஒரு கால் ஊன்றல், அவ்வளவுதான், மேலே இருப்பாள். பின்னேரங்களில் அங்கே இருந்துகொண்டு வருகிறவர் போகிறவர் எல்லாரையும் அரைக்கண்ணால் அளப்பாள். எங்கள் ஒழுங்கையில் முன்பு அப்படிப் பார்க்கிற ஒரு ஆச்சி இருந்தார். அம்மா பூனைக்கு அந்தப் பேரை வைத்தது அதனால்தான்.

"வெயிலுக்குக் கீழ சீமெந்தில கிடக்குது. அதுக்கு ஒண்டுமில்லை" என்றார் அம்மா.

சரி, வெயில்தான் என்று நானும் விட்டிருப்பேன். வன்னியில் மனிசருக்கும் மாட்டுக்கும் வருகிற பாதி வருத்தத்துக்கு வெயில் காரணம், மீதிப் பாதிக்குப் பனி. ஆனால் 2019இல் கறுவலை அப்படித்தான் விட்டேன்.

கறுவல் எங்கள் நாய். நல்ல சாதி என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஊர்நாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவனை இடித்துவிட்டது. ஒருமுறை கத்தினான், எழும்பினான், நேரே வீட்டுக்கு ஓடிவந்தான். நான் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நாலு காலிலும் நடந்தான். வாலை ஆட்டினான். தண்ணீர் வைத்தேன், சட்டி முழுவதையும் குடித்தான். திரும்ப வைத்தேன், அதையும் குடித்தான். இடித்த பொடியன் பாவம், பின்னாலேயே வந்து படலையடியில் நடுங்கிக்கொண்டு நின்றான். "தண்ணி குடிக்கிறான், வாலாட்டுறான், ஒண்டுமில்லை, நீர் போம்" என்று அவனைத் தேற்றி அனுப்பினேன்.

மத்தியானம் சோறு வைத்தபோது கறுவல் வரவில்லை. கிணற்றடி வாழையின் கீழே ஈர மண்ணைக் கிண்டி, வயிற்றை அதில் பதித்துப் படுத்திருந்தான். வெயில் என்று நினைத்தோம். பின்னேரம் போய்ப் பார்த்தபோது மூச்சு சின்னச் சின்னதாக, அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கவில்லை. வாலை மட்டும் இரண்டு தரம் மண்ணில் அடித்தான். இரவு 8 மணிபோலச் செத்துப்போனான்.

கொஞ்ச நாள் கழித்து ஆட்டுக்குப் பூச்சிமருந்து எடுக்கப் போனபோது மிருக வைத்தியரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "முரசு என்ன நிறத்தில இருந்தது, தம்பி?"

பல்லின் ஈறை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தெரியாது.

உள்ளே மண்ணீரலோ ஈரலோ கிழிந்து, வயிற்றுக்குள் இரத்தம் போயிருக்கும் என்றார். இரண்டும் இரத்தம் நிறைந்த மெத்தென்ற உறுப்புகள். தோலில் ஒரு மயிர்கூட உதிராமல் அவை உள்ளே கிழியும். இரத்தம் குறையக் குறைய உடம்பு தண்ணீர் கேட்கும். நல்ல குறி என்று நான் நினைத்த அந்த இரண்டு சட்டித் தண்ணீர்தான் கெட்ட குறி. வாலாட்டலுக்கும் அடிபட்ட காயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தன் ஆளைக் கண்டால் சாகக் கிடக்கிற நாயும் வாலாட்டும் என்றார். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, உடனே ஆட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நல்ல மனிசன்.

முரசைப் பார்க்கப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. மேலுதட்டை ஓரத்தால் தூக்கி, வேட்டைப்பல்லுக்கு மேலே உள்ள சதையைப் பெருவிரலால் அமத்தி விடவேண்டும். அமத்தின இடம் வெளுக்கும். விட்டதும் 2 செக்கனுக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். அதைவிடப் பிந்தினால், அல்லது அமத்துவதற்கு முன்பே முரசு கடதாசி மாதிரி வெளிறியிருந்தால், இரத்தம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது ஓட்டம் குலைந்துவிட்டது. உண்ணிக் காய்ச்சல் பிடித்த நாய்க்கும் முரசு வெளிறும், ஆனால் அது நாள் கணக்கில் வருவது. அடிபட்ட நாய்க்கு அது மணிக்கணக்கு. எங்கள் ஊர்நாய்களில் கனக்கவற்றுக்கு முரசு பிறப்பிலேயே கறுப்பு. கறுவலுக்கும் அப்படித்தான். அப்படியானால் கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்பக்கத்தைப் பார்க்கலாம்.

மூச்சையும் எண்ணலாம். படுத்திருக்கும்போது நெஞ்சு எழும்புவதை 15 செக்கனுக்கு எண்ணி 4ஆல் பெருக்கினால் சரி. நித்திரையில் இருக்கிற நாய்க்கோ பூனைக்கோ அது 30ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். நாய் வாயைத் திறந்து இளைப்பது எங்கள் வெயிலில் வழமை. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் யோசிக்க நேரமில்லை, ஓட்டோவுக்கு ஃபோன் அடிக்க வேண்டியதுதான். வாகனத்தில் அடிபட்டது ஓடித்திரிந்தாலும் ஒரு நாள், இரண்டு நாள் கண்ணில் வைத்திருக்க வேண்டும். சலம், அதாவது சிறுநீர், போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும், சலப்பை வெடித்திருந்தால் அதில்தான் தெரியவரும்.

இன்னொன்று. வாய்ப்பக்கம் கை கொண்டுபோவது தெரிந்த நாய்க்கு மட்டும். வலி வந்தால் சோறு போட்ட கையையும் கடிக்கும். ஒரு சீலைத்துண்டால் வாயைச் சுற்றிக் கட்டலாம், ஆனால் சத்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுக்குத் திணறுகிற நாய்க்கும் கட்டக்கூடாது. திடீரென்று குணம் மாறி, வாய் தொங்கி, வீணீர் வடிய நிற்கிற நாயின் வாய்க்குள் காயம் தேடப் போகவே வேண்டாம், அது விசராக, வெறிநோயாக, இருக்கலாம். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. முதலில் பரியாரியிடம் போவோம் என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

சின்னாச்சியிடம் வருவோம். அவள் நொண்டவில்லை. கத்தவில்லை. மீன்தலை வைத்தால் வந்தாள், ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். தலையைத் தடவினால் குறுகுறு என்று சத்தம் போட்டாள். அதைக் கேட்டுத்தான் அம்மா ஒன்றுமில்லை என்றார். பூனை சந்தோசத்தில் மட்டும் அந்தச் சத்தம் போடுவதில்லை. நோவிலும் போடும், பயத்திலும் போடும்.

முகத்தில்தான் ஏதோ சரியில்லாமல் இருந்தது. பூனையின் வலியை அதன் முகத்தில் அளக்க மொன்ட்ரியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு முறை செய்து 2019இல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை இருக்கிற உயரம் என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி போட வேண்டும். மொத்தம் 10இல் 4 வந்தாலே வலிக்கு மருந்து தேவை. பரீட்சைத்தாள் திருத்துவது மாதிரி நான் அவள் முன்னால் குந்தியிருந்தேன். காது இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடி, ஆனால் நித்திரைக் கண் இல்லை, இறுக்கிய கண். தலை தோளை விடக் கீழே. நான் போட்ட புள்ளி 6. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அது எப்பவும் உந்த மூஞ்சிதானே" என்று போனார்.

ஆனால் இடத்தைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய மயிர். தோளிலிருந்து நடு முதுகு வரை வழுவழு என்று நக்கிச் சுத்தமாக இருந்தது. அதற்குப் பின்னால் இடுப்பும் வாலடியும் பிரிபிரியாக, எண்ணெய் பிடித்த மாதிரி ஒட்டிக்கிடந்தது. திரும்பி நக்க முடியாத இடம் எதுவோ அங்கேதான் நோவு. அன்றிலிருந்து வீட்டு மிருகங்களில் காயம் தேடுவதை நான் விட்டுவிட்டேன். வழமையாகச் செய்கிற எதைச் செய்யாமல் விட்டது என்றுதான் பார்க்கிறேன். பாயவில்லை, நக்கவில்லை, ஒரு பக்கம் திரும்பிப் படுக்கவில்லை, படலை திறந்த சத்தத்துக்கு எழும்பவில்லை. காயம் மயிருக்குள்ளே ஒளிந்துகொள்ளும், இவை ஒளிவதில்லை.

தாடையில் தொடங்கி, இரண்டு கையையும் இரண்டு பக்கமும் ஒரேநேரத்தில் ஓடவிட்டேன். அப்படிச் செய்தால் இடதையும் வலதையும் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். விலாவரை பேசாமல் இருந்தாள். வாலடியின் வலது பக்கத்துக்குக் கிட்ட வந்ததும், நான் தொடுவதற்கு முன்பே தோல் குளத்துத் தண்ணீர் மாதிரி அலைந்தது. தொட்டேன். சீறித் திரும்பினாள். அதற்குள் புறங்கையில் சூடு தெரிந்துவிட்டது. துவாயால் தலையைப் போர்த்தி அம்மாவைப் பிடிக்கச் சொல்லி, மயிரை ஈரப் பஞ்சால் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கடுகு அளவில் ஒரு காய்ந்த பொருக்கு. அரை விரல்கடை தள்ளி இன்னொன்று. அவ்வளவுதான். அதற்குக் கீழே தோல், பழுத்த மாம்பழத்தை அமத்தினால் போல, விரலுக்குள் தாழ்ந்தது.

"அரைப் பனடோல் கரைச்சுப் பருக்குவமோ?" என்றார் அம்மா. காய்ச்சல் என்றால் பனடோல், எங்கள் வீட்டில் அது சட்டம். பூனைக்கோ அது நஞ்சு. பனடோலில் இருக்கிற பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றுகிற வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது. இரத்தம் ஒட்சிசனைத் தூக்க முடியாமல் போகும், முரசு மண்ணிறமாக மாறும், முகம் வீங்கும். ஒரு முழுக் குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கும் எங்கள் நோக்குளிசைகள் ஆகாது. டைக்குளோபினாக்கும் ஐபுபுரோபெனும் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இதை நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா கையில் கரண்டியோடு நின்றார்.

மறுநாள் காலை, தக்காளி வருகிற பிளாஸ்ரிக் கூடை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டி, உள்ளே பழைய சாரம் விரித்து, சின்னாச்சியை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்து மிருக வைத்தியருக்கு வேலை பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான். சினை ஊசிக்கு ஆள் வந்து நிற்கும், தடுப்பூசிக்குப் போகவேண்டும். பூனையைக் கொண்டுவந்தவனைப் பார்த்து, பசுவோடு நின்ற ஐயா ஒருவர், "உதுக்கும் டொக்டரோ?" என்று கேட்டார். கோபம் வரவில்லை. பால்மாடு சோறு போடுகிறது, பூனை போடுவதில்லை. எக்ஸ்ரே தேவைப்பட்டிருந்தால் என் கதையே வேறு. நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கிற ஒரே பீடம் பேராதனையில், அதன் ஆஸ்பத்திரியும் அங்கே. எங்கள் வீட்டிலிருந்து ஏ9 வழியாக 200 கிலோமீற்றருக்கு மேல்.

டொக்டர் அந்த இடத்து மயிரை மழித்தார். மழித்த பிறகுதான் வீக்கத்தின் அளவு தெரிந்தது, ஒரு எலுமிச்சம்பழம். "பூனைக்கடி. நாலைஞ்சு நாள் இருக்கும்" என்றார். பூனையின் பல் ஊசி மாதிரி. ஆழமாக இறங்கும், ஆனால் மேலே விடுகிற துவாரம் ஒரு நாளிலேயே மூடிவிடும். பல்லோடு போன கிருமி உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். பிறகு சீழ். "ஓடுற பூனைக்கு வாலடியில கடி விழும். நிண்டு அடிபடுற பூனைக்கு மூஞ்சியிலயும் முன்னங்காலிலயும் விழும்" என்று சொல்லிக்கொண்டே வீக்கத்தின் கீழ்ப்பக்கத்தில் சின்னதாக வெட்டினார். நாற்றம் அறையை நிரப்பியது. பசுவோடு நின்ற ஐயா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இவ்வளவும் உதுக்குள்ளயோ" என்றார். அதற்குப் பிறகு அவருக்கும் எனக்கும் சிநேகம்.

வெட்டிய வாயைத் தைக்கவில்லை. அது மூடிக்கொண்டால் திரும்பச் சீழ் கட்டும், அதனால் சில நாள் திறந்தே இருக்கவேண்டும். கிருமிக்கு ஊசியும் பாணி மருந்தும், வலிக்குப் பூனைக்கு ஏற்ற அளவில் மருந்தும் தந்தார். வீட்டில் காலையும் மாலையும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் துணி நனைத்து 5 நிமிடம் ஒற்ற வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றருக்கு ஒரு தட்டையான தேக்கரண்டி உப்பு. டெட்டோல் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். பூனை நக்கும், பீனோல் வகை மருந்து அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

ஊர் வைத்தியம் பற்றி எனக்கு எரிச்சலும் உண்டு, மரியாதையும் உண்டு. மஞ்சள் தடவுவதில் பெரிய தீமை இல்லை, ஆனால் குழைத்து அப்பினால் துவாரத்தை அடைத்துவிடும். மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் கொடுமை. தோல் வேகும், நக்கினால் உள்ளேயும் போகும். புழு வைத்த காயத்துக்கு அன்னமுன்னா இலையை அரைத்து வைப்பார்கள், புழு வெளியே வருவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் வராமல் உள்ளே செத்ததை யார் எடுப்பது? கடைசியில் ஒவ்வொன்றாகச் சாமணத்தால்தான் எடுக்க வேண்டியிருக்கும். மயிருக்குள் மறைந்த காயத்தை எங்களைவிட முதலில் கண்டுபிடிப்பது இலையான். படுத்திருக்கிற நாயின் ஒரே இடத்தில் இலையான் திரும்பத் திரும்ப வந்து இருந்தால், அந்த இடத்து மயிரைப் பிரித்துப் பார்க்காமல் விடக்கூடாது. முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும்.

பக்கத்துக் காணி அண்ணையின் நாய் இதற்கு முந்திய வருசம் தப்பியது அவருடைய கையால்தான். கச்சான் தோட்டத்துக்கு இரவில் பன்றி வரும். நாய் துரத்திப் போய்விட்டு விடியப்புறம் வந்து படுத்தது. விலாவில் ஒரு சின்ன ஓட்டை, நகம் அளவு. இரத்தமும் பெரிதாக இல்லை. பன்றிப் பல்லோ நாய்ப் பல்லோ, தோல் இழுபடும், அதன் கீழே சதை இழுபடாமல் கிழியும். வெளியே நகம் என்றால் உள்ளே உள்ளங்கை. அண்ணை தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். தோலுக்குக் கீழே அப்பளம் நொறுங்குவதுபோல இருந்தது. காற்று. அவர் கழுவவில்லை, கிண்டவில்லை. சுத்தமான துணியை நனைத்து ஓட்டையின்மேல் வைத்து, நாயைக் கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி, லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "இடம்பெயர்ந்து திரியேக்க எத்தினை பேரைத் தூக்கினனாங்கள்" என்றார்.

சின்னாச்சி வெட்டின இடத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு போட வேண்டும். கடையில் விற்கிற சாமான் இங்கே கிடையாது. நாய்க்கு என்றால் பெயின்ற் வாளியின் அடியை வெட்டிப் போடலாம், பூனைக்கு அது பாரம். கடதாசி மட்டை ஒரு இரவில் தண்ணீர்ச் சட்டிக்குள் ஊறிப்போயிற்று. அம்மா உள்ளே போய் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு மண்ணிற உறையை எடுத்து வந்தார். அவருடைய இடுப்பு எக்ஸ்ரே.

மாத்தளனில் 2009 யுத்தத்தில் பட்ட செல் துண்டு அது. படத்தில் நெல்மணி அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. எடுத்தால் கூடச் சேதம், இருக்கட்டும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். வெளியே ஒரு தழும்புகூட ஒழுங்காகத் தெரியாது. அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. பனிக்காலத்தில் கதிரையில் இருக்கும் முன்பு இடது கையைக் கதவு நிலையில் ஊன்றுவார். அடுப்படியில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதை எப்போது விட்டார் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு வருசம் நினைவில்லை.

"இதை வெட்டு. பிலிம் எண்டால் வளையும்" என்றார்.

"உங்களுக்குத் தேவைப்படாதோ?"

"அது உள்ளுக்குத்தானே கிடக்குது. எங்க போகப்போகுது."

வெட்டினேன். ஓரத்தைப் பிளாஸ்ரரால் ஒட்டி, கழுத்தில் துணி நாடாவால் கட்டினேன். ஆறு நாள் சின்னாச்சி அம்மாவின் இடுப்பெலும்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடெல்லாம் திரிந்தாள். வெளிச்சத்துக்கு எதிரே இருந்தால் இடது காதுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பொட்டு தெரியும். முதல் இரண்டு நாள் பின்னுக்குப் பின்னுக்கு நடந்து சுவரில் முட்டினாள். சாப்பிடும்போது மட்டும் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருந்து காவல் காத்தோம். அமத்தினால் முதலில் சீழ், பிறகு தெளிந்த நீர், ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் மூன்றாவது மூட்டை வரை ஏறினாள். இறங்கும்போது கொஞ்சம் யோசித்தாள்.

கூம்பைக் கழற்றிக் குப்பையில் போடப் போனேன். அம்மா வாங்கி, சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, வெயிலில் காயவைத்து, வெட்டின வெட்டோடேயே திரும்ப அந்த உறைக்குள் வைத்தார்.

"ஆஸ்பத்திரியில உதை எடுத்துப் பார்த்தால் என்ன சொல்லுவியள்?" என்று கேட்டேன்.

"பூனைக்கு எடுத்த படம் எண்டு சொல்லுறன்" என்றார்.